அமெரிக்க மருத்துவக் காப்பீடு: பிரீமியம் முதல் மேல்முறையீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வேலைக்குச் சேரும் ஒரு குடும்பம் முதல் சில வாரங்களுக்குள் எடுக்க வேண்டிய மிகப் பெரிய பண முடிவு மருத்துவக் காப்பீடு பற்றியதுதான். பெரும்பாலானோர் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற ஒரே எண்ணைப் பார்த்து அந்த முடிவை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆண்டில் மருத்துவத்துக்காக உங்கள் கையிலிருந்து போகப்போகும் தொகையில் அந்த எண் ஒரு பகுதி மட்டுமே. மீதி எவ்வளவு என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கும் திட்டத்தின் விதிகளும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சட்டங்களும் தீர்மானிக்கின்றன. அந்தச் சட்டங்கள் தரும் உரிமைகளில் பல, குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்டால் மட்டுமே கிடைக்கும். எனவே இந்த வழிகாட்டியில் செலவுக் கணக்கையும் அரசின் கொள்கையையும் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்தே விளக்குகிறேன்.

முதலில்: நீங்கள் எந்த வழியில் காப்பீடு பெறுகிறீர்கள்

2023-இல் அமெரிக்கா மருத்துவத்துக்காகச் செலவிட்டது 4.9 டிரில்லியன் டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம், தலைக்கு 14,570 டாலர். இவ்வளவு பணம் புழங்கும் நாட்டில் எல்லோருக்கும் பொதுவான ஒரே காப்பீடு கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, ஆட்களை ஈர்க்க நிறுவனங்கள் மருத்துவக் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுக்கத் தொடங்கின. அந்தச் சலுகைக்கு வருமான வரி கிடையாது என்பதை 1954-ஆம் ஆண்டின் வரிச் சட்டம் உறுதி செய்தது. காப்பீடு வேலையோடு பிணைக்கப்பட்டது அப்படித்தான். வேலைச் சந்தைக்கு வெளியே இருந்த முதியவர்களுக்கு மெடிகேரும், வருமானம் குறைந்தவர்களுக்கு மெடிகெய்டும் 1965-இல் வந்தன. இவை எதிலும் சேராதவர்களுக்காக 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், மார்க்கெட்பிளேஸ் எனப்படும் காப்பீட்டுச் சந்தையை உருவாக்கியது.

நீங்கள் வேலை வழியாகக் காப்பீடு பெறுபவரானால், மனிதவளத் துறையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் திட்டத்தில் சிகிச்சைச் செலவை ஏற்பது காப்பீட்டு நிறுவனமா, நம் நிறுவனமேயா? அடையாள அட்டையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் செலவைத் தாங்களே ஏற்று, கிளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலையை மட்டும் அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் விடுகின்றன. வேலை வழியாகக் காப்பீடு பெறும் ஊழியர்களில் 2024-இல் 63 சதவீதம் பேர் இத்தகைய திட்டங்களில் இருந்தார்கள். நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் சலுகைத் திட்டங்களுக்கான 1974-ஆம் ஆண்டின் எரிசா சட்டப்படி இத்திட்டங்களை மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் கட்டுப்படுத்த முடியாது. உங்கள் மாநிலம் ஒரு சிகிச்சையைக் கட்டாயம் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இயற்றியிருந்தாலும், அது உங்கள் திட்டத்துக்குப் பொருந்தாமல் போகலாம். பின்னாளில் சிக்கல் வந்தால் யாரிடம் புகார் செய்வது என்பதும் இந்த ஒரு பதிலைப் பொறுத்தே அமையும்.

பிரீமியத்தை மறந்துவிட்டு முழு ஆண்டைக் கணக்கிடுங்கள்

கணக்குக்குத் தேவையானவை நான்கு எண்கள். ஓராண்டின் பிரீமியம் முதலாவது. காப்பீடு பங்கு கொடுக்கத் தொடங்கும் முன் நீங்களே முழுவதும் கட்ட வேண்டிய டிடக்டிபிள் இரண்டாவது. அதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு பில்லிலும் நீங்கள் தரும் சதவீதப் பங்கான கோ-இன்ஷூரன்ஸ் மூன்றாவது. நெட்வொர்க்குக்குள் (திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர்கள், மருத்துவமனைகளிடம்) ஓராண்டில் நீங்கள் கட்டக்கூடிய அதிகபட்சத் தொகை, அதாவது ஆண்டு உச்சவரம்பு, நான்காவது. இந்த உச்சவரம்பில் பிரீமியம் சேராது. 2026-இல் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு தனிநபருக்கு 10,600 டாலர், குடும்பத்துக்கு 21,200 டாலர். நல்ல நிறுவனத் திட்டங்களில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். குடும்பத் திட்டமாக இருந்தாலும், ஒரே நபரின் செலவு தனிநபருக்கான உச்சவரம்பைத் தாண்டினால் அவருக்கு அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்பதும் விதி.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நிறுவனம் இரண்டு திட்டங்களைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் திட்டத்தில் பிரீமியம் மாதம் 600 டாலர், டிடக்டிபிள் 1,500, உச்சவரம்பு 8,000. இரண்டாவதில் பிரீமியம் மாதம் 350, டிடக்டிபிள் 4,000, உச்சவரம்பு 9,000. அதோடு நிறுவனம் உங்கள் எச்.எஸ்.ஏ. எனப்படும், மருத்துவச் செலவுக்கான வரிச் சலுகைச் சேமிப்புக் கணக்கில் 1,000 டாலர் போடுகிறது. இரண்டிலும் கோ-இன்ஷூரன்ஸ் 20 சதவீதம்.

யாருக்கும் எதுவும் வராத ஆண்டில் முதல் திட்டத்தின் செலவு 7,200 டாலர். இரண்டாவதில் 4,200-இல் 1,000 போக 3,200 டாலர். சிகிச்சைக் கட்டணம் 5,000 டாலர் ஆகும் ஆண்டில், முதல் திட்டத்தில் டிடக்டிபிள் 1,500, மீதி 3,500-இல் 20 சதவீதமான 700 ஆகியவற்றைச் சேர்த்தால் மொத்தம் 9,400. இரண்டாவதில் 4,000, 200 ஆகியவற்றைச் சேர்த்து நிறுவனத்தின் 1,000-ஐக் கழித்தால் 7,400. பெரிய அறுவைச் சிகிச்சை நடந்து உச்சவரம்பைத் தொடும் ஆண்டில் முதல் திட்டம் 15,200, இரண்டாவது 12,200. மூன்று நிலையிலும் இரண்டாவது திட்டமே மலிவாக இருக்கிறது. 4,000 டாலர் டிடக்டிபிள் என்பதைக் கண்டு பயந்து முதல் திட்டத்தை எடுத்தவர், ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 2,000 டாலரை வீணாகக் கட்டிக்கொண்டிருப்பார்.

எல்லா நிறுவனங்களிலும் விடை இப்படியே வரும் என்று சொல்லவில்லை. பல இடங்களில் நடுத்தரச் செலவு ஆண்டில் முதல் வகைத் திட்டமே வெல்லும். மேலும், ஜனவரியிலேயே 4,000 டாலர் பில் வந்தால் அதைக் கட்டக் கையிருப்பு இல்லாத குடும்பத்துக்கு மலிவான திட்டமும் ஆபத்தானதே. தினமும் மாத்திரை எடுப்பவர் வீட்டில் இருந்தால், அந்த மருந்து திட்டத்தின் மருந்துப் பட்டியலில் எந்த விலை அடுக்கில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் கணக்கு முடியாது. ஆனாலும் இந்த மூன்று வரிக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல் யாரும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்து நெட்வொர்க். எச்.எம்.ஓ. வகைத் திட்டத்தில் நெட்வொர்க்குக்கு வெளியே சென்றால், அவசரச் சிகிச்சையைத் தவிர, பொதுவாக எதுவும் கிடைக்காது; சிறப்பு மருத்துவரிடம் செல்ல முதன்மை மருத்துவரின் ரெஃபரலும் வேண்டும். பி.பி.ஓ.வில் வெளியே செல்லலாம், ஆனால் உங்கள் பங்கு அதிகம். மருத்துவமனையிடம் “இந்தக் காப்பீட்டை ஏற்றுக்கொள்வீர்களா” என்று கேட்டால் பெரும்பாலும் “ஆம்” என்றுதான் பதில் வரும். அட்டையில் உள்ள திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி, “இந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா” என்று கேளுங்கள்.

வரிச் சலுகைக் கணக்குகள்

அதிக டிடக்டிபிள் திட்டத்தோடு வரும் எச்.எஸ்.ஏ.வில் 2026-இல் தனிநபர் 4,400 டாலரும் குடும்பம் 8,750 டாலரும் வரை போடலாம். நிறுவனம் தரும் தொகையும் இதற்குள் அடங்கும். போடும்போதும், வளரும்போதும், மருத்துவத்துக்கு எடுக்கும்போதும் மத்திய அரசின் வரி கிடையாது. கலிபோர்னியாவும் நியூ ஜெர்சியும் மட்டும் மாநில வருமான வரியில் இந்தச் சலுகையை ஏற்பதில்லை. மீதிப் பணம் ஆண்டு முடிந்தாலும் உங்களுடையதே. வேலை மாறினாலும் கூடவே வரும். நிறுவனம் வழியாக மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் பணம் ஒதுக்கும் எஃப்.எஸ்.ஏ. கணக்கு அப்படியல்ல. நிறுவனம் அனுமதிக்கும் சிறு தொகை போக மிச்சம் போய்விடும். எனவே கண்ணாடி, பல் சிகிச்சை போன்ற நிச்சயமாகத் தெரிந்த செலவுக்கு மட்டும் அதில் போடுவது நல்லது.

மார்க்கெட்பிளேஸ் வழியாக வாங்குபவர்கள்

சுயதொழில் செய்பவர்களும், காப்பீடு தராத சிறு நிறுவனங்களில் இருப்பவர்களும் வாங்கும் இடம் இது. முன்பே இருக்கும் நோயைக் காரணம் காட்டி இங்கே யாரையும் மறுக்க முடியாது. வயது, இடம், புகையிலைப் பழக்கம், குடும்ப அளவு தவிர வேறு எதையும் வைத்துப் பிரீமியத்தைக் கூட்ட முடியாது. மூத்த வயதினரின் பிரீமியம் இளைஞர்களுடையதைப் போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. திட்டங்கள் பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பிரிக்கப்பட்டுள்ளன. சராசரியாகச் செலவில் முறையே 60, 70, 80, 90 சதவீதத்தைத் திட்டம் ஏற்கும்.

வருமானம் மத்திய அரசு அறிவிக்கும் வறுமைக் கோட்டின் 250 சதவீதத்துக்குள் இருந்தால் சில்வரைத் தவிர வேறு எதையும் எடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள். அந்த வருமானக்காரர்களுக்குச் சில்வர் திட்டத்தின் டிடக்டிபிளும் உச்சவரம்பும் குறைக்கப்படும். 150 சதவீதத்துக்குள் இருப்பவருக்குத் திட்டம் ஏற்கும் பங்கு 94 சதவீதம் வரை உயர்கிறது, அதாவது பிளாட்டினத்தைவிட மேலாகிவிடுகிறது. இந்தக் குறைப்புக்காகக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அரசு கொடுத்துவந்த பணம் 2017 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. அந்த இழப்பை நிறுவனங்கள் சில்வரின் பிரீமியத்தில் ஏற்றின. சில பகுதிகளில் சில்வரைவிடக் கோல்டு மலிவாகத் தெரிவதற்கு இதுவே காரணம். எனவே வருமானம் 250 சதவீதத்தைத் தாண்டியவர்கள் கோல்டின் விலையைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

பிரீமியத்தின் ஒரு பகுதியை அரசு ஏற்கும் வரிச் சலுகைதான் இப்போது பலரை வாட்டும் விஷயம். 2021-இல் பெருந்தொற்றுக் கால உதவியாகக் கூட்டப்பட்ட சலுகை, 2022-இல் மேலும் நீட்டிக்கப்பட்டு, 2025 டிசம்பர் 31-உடன் காலாவதியாயிற்று. அதை நீட்டிப்பது பற்றிய சண்டையில்தான் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் மத்திய அரசே முடங்கிக் கிடந்தது. காலாவதியானதன் விளைவாக, வறுமைக் கோட்டின் 400 சதவீதம் என்ற பழைய எல்லை திரும்பிவந்துவிட்டது. 2026-க்கு அது தனிநபருக்கு 62,600 டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு 1,28,600 டாலர். இதற்கு ஒரு டாலர் மேலே போனாலும் சலுகை முழுவதும் போய்விடும். அறுபது வயதைத் தாண்டிய தம்பதிக்கு அந்த ஒரு டாலரின் விலை ஆயிரக்கணக்கான டாலர்கள். நடுத்தர வர்க்கத்தை இவ்வளவு செங்குத்தான விளிம்பில் நிறுத்துவது மோசமான கொள்கை என்றே நான் கருதுகிறேன். சலுகை படிப்படியாகக் குறையும் விதி நான்கு ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்து, அப்படிச் செய்ய முடியும் என்பதைக் காட்டிவிட்டது.

எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மரபுவழி ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலும் எச்.எஸ்.ஏ.விலும் போடும் பணம், சலுகைக்காகக் கணக்கிடப்படும் வருமானத்தைக் குறைக்கும். 2026 முதல் மார்க்கெட்பிளேஸின் பிரான்ஸ் திட்டங்கள் எல்லாமே எச்.எஸ்.ஏ.வுக்குத் தகுதி பெறுகின்றன. ஆண்டின் நடுவில் வருமானம் கூடினால் உடனே மார்க்கெட்பிளேஸில் திருத்துங்கள். முன்கூட்டியே பெற்ற சலுகை தகுதிக்கு மேல் இருந்தால், 2026 வரி ஆண்டு முதல் அதிகமாகப் பெற்றதை முழுவதும் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பு அதற்கு வருமானத்தைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு இருந்தது.

குடியேறியவர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று. எச்-1பி போன்ற விசாவில் சட்டப்படி வசிப்பவர்களும் இதுவரை இந்தச் சலுகைக்குத் தகுதி பெற்றிருந்தார்கள். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டத்தின்படி, 2027 ஜனவரி முதல் கிரீன் கார்டு உள்ளவர்களையும் வேறு சில சிறு பிரிவினரையும் தவிர மற்றவர்களுக்குச் சலுகை கிடையாது. திட்டத்தை முழு விலைக்கு வாங்கும் உரிமை தொடர்கிறது.

வருமானம் மிகக் குறைவாக இருந்தால் மெடிகெய்டைப் பாருங்கள். வறுமைக் கோட்டின் 138 சதவீதம் வரை உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் அதை விரிவாக்க 2010 சட்டம் விரும்பியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. 40 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் விரிவாக்கின, டெக்சாஸ், ஃப்ளோரிடா உள்ளிட்ட 10 மாநிலங்கள் முழுமையாக ஏற்கவில்லை. ஒரே வருமானம் உள்ள இருவரில் ஒருவருக்கு இலவச மருத்துவமும் இன்னொருவருக்கு ஒன்றுமில்லாத நிலையும் மாநில எல்லையைப் பொறுத்து அமைவது இதனால்தான். புதிதாகக் கிரீன் கார்டு பெற்ற பெரியவர்களுக்குப் பொதுவாக ஐந்தாண்டுக் காத்திருப்பு உண்டு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பல மாநிலங்கள் அதை நீக்கியுள்ளன.

வேலை போனால்

20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தின் காப்பீட்டை, கோப்ரா சட்டப்படி பொதுவாக 18 மாதங்கள் தொடரலாம். ஆனால் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து, மொத்தச் செலவில் 102 சதவீதம் வரை நீங்களே கட்ட வேண்டும். 2024-இல் குடும்பக் காப்பீட்டின் சராசரி மொத்த விலை ஆண்டுக்கு 25,572 டாலர்; அதில் ஊழியர் கொடுத்தது 6,296 மட்டுமே. அந்த இடைவெளி அப்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. தேர்வு செய்ய 60 நாட்கள் அவகாசம் உண்டு, தேர்வு செய்தால் காப்பீடு விட்ட நாளிலிருந்தே செல்லும். எனவே புதிய வேலை விரைவில் கிடைக்கும் என்று நம்பிக்கை இருந்தால், அந்த 60 நாட்களும் காத்திருந்து, ஏதாவது நேர்ந்தால் மட்டும் கோப்ராவை எடுப்பது சட்டம் அனுமதிக்கும் வழி. எச்-1பி விசாவில் வேலை இழந்தவருக்குக் கிடைக்கும் அதிகபட்ச அவகாசமும் 60 நாட்கள்தான் என்பதால், பல குடும்பங்களில் இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் ஓடும்.

மார்க்கெட்பிளேஸில் சேரவும் வேலைக் காப்பீடு முடிந்த நாளிலிருந்து 60 நாட்கள் உண்டு. கோப்ராவை எடுத்துச் சில மாதம் கட்டிய பிறகு, விலை தாங்காமல் பாதியில் விட்டால், ஆண்டுதோறும் எல்லோருக்கும் திறக்கும் பதிவுக் காலமான அடுத்த ஓப்பன் என்ரோல்மென்ட் வரை மார்க்கெட்பிளேஸில் சேர முடியாமல் போகலாம். மலிவாக விற்கப்படும் குறுகிய காலத் திட்டங்களில் கவனம் தேவை. முன்பே இருந்த நோய்களை அவை விலக்கலாம், உச்சவரம்பு விதிகளும் அவற்றுக்குப் பொருந்தா. குழந்தை பிறந்தால் வேலைத் திட்டத்தில் சேர்க்கக் கிடைக்கும் சட்டபூர்வமான குறைந்தபட்ச அவகாசம் 30 நாட்களே. இதைத் தவறவிடும் பெற்றோர் பலர்.

பில் வந்த பிறகு

மருத்துவமனை பில்லைப் பார்த்தவுடன் கட்டிவிடாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் இ.ஓ.பி. என்ற விளக்கத் தாள் வரும்வரை காத்திருங்கள். “இது பில் அல்ல” என்று அச்சிடப்பட்டிருக்கும் அந்தத் தாளில் மருத்துவமனை கேட்ட தொகை, காப்பீட்டோடு ஒப்புக்கொண்ட தொகை, காப்பீடு கொடுத்தது, நீங்கள் தர வேண்டியது என்று நான்கு பத்திகள் இருக்கும். மருத்துவமனையின் பில் கடைசிப் பத்தியோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிக் குறியீட்டு எண்ணோடு விவரமான பில்லைக் கேளுங்கள்.

ஆண்டுப் பரிசோதனைக்குச் சென்றவருக்கு வரும் தாள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தடுப்புப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை என்பது 2010 சட்டத்தின் விதி. ஆனால் பரிசோதனையின் நடுவே “முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது, டாக்டர்” என்று சொல்லி, மருத்துவர் அதையும் பார்த்துச் சிகிச்சை சொன்னால், தடுப்புப் பரிசோதனைக்கான வரிக்குக் கீழே 99213 என்ற எண்ணில் தனி ஆலோசனையாக இன்னொரு வரி சேரக்கூடும். முதல் வரிக்கு உங்கள் பங்கு பூஜ்யம். இரண்டாவது வரி டிடக்டிபிளில் விழும். மருத்துவர் வலியைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்திருந்தால், அந்த இரண்டாவது வரியை நீக்கும்படி பில்லிங் அலுவலகத்திடம் கேட்கலாம்.

2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி, அவசரச் சிகிச்சைக்கும், நெட்வொர்க் மருத்துவமனையில் உங்களுக்குத் தெரியாமல் வரும் வெளி மயக்க மருந்து நிபுணர் போன்றவர்களுக்கும் நெட்வொர்க் விலைக்கு மேல் உங்களிடம் கேட்கக் கூடாது. தரைவழி ஆம்புலன்ஸ் இந்தச் சட்டத்தில் சேரவில்லை. மிகப் பெரிய குறை இது. காப்பீடு இல்லாமல் கையிலிருந்து கட்டுபவர்கள் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமான மதிப்பீட்டைப் பெறலாம். பில் அதைவிட 400 டாலர் அல்லது அதற்கு மேல் கூடினால் முறையிடலாம்.

கட்டவே முடியாத தொகையென்றால், மருத்துவமனை லாப நோக்கற்றதா என்று பாருங்கள். நாட்டின் மருத்துவமனைகளில் பாதிக்கு மேற்பட்டவை அந்த வகையைச் சேர்ந்தவை. வரிவிலக்குக்கு ஈடாக அவை நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாட்கள் வரை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். முதல் 120 நாட்களுக்குள் வழக்குப் போடுவது போன்ற கடும் நடவடிக்கைகள் எடுக்கக் கூடாது. நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கும் தள்ளுபடி தரும் மருத்துவமனைகள் உண்டு. கேட்பதில் எந்த அவமானமும் இல்லை, ஏனென்றால் அந்த உதவிக்கான விலையை வரிவிலக்காக மக்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

மறுப்பு வந்தால் மேல்முறையீடு

மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் உள் மேல்முறையீடு செய்யலாம். முதலில் மறுப்புக்கான காரணத்தையும், அதற்குப் பயன்படுத்திய மருத்துவ வரையறையையும் எழுத்தில் கேளுங்கள். அவற்றை இலவசமாகத் தர வேண்டும். பிறகு உங்கள் மருத்துவரிடம், அந்த வரையறையின் ஒவ்வொரு நிபந்தனையும் உங்கள் நிலைக்கு எப்படிப் பொருந்துகிறது என்று கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். “இது மருத்துவ ரீதியாகத் தேவை” என்ற ஒற்றை வரிக் கடிதத்தைவிட இது பல மடங்கு வலுவானது. அவசர நிலையில் 72 மணி நேரத்துக்குள் முடிவு தர வேண்டும். அங்கும் மறுத்தால், மருத்துவத் தேவை சார்ந்த மறுப்புகளுக்கு, நான்கு மாதங்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்தைச் சாராத வெளி ஆய்வைக் கோரலாம். அதன் முடிவு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நீங்கள் வேலை செய்யும் நிறுவனமே செலவை ஏற்கும் திட்டமானால் புகார் மத்தியத் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். மற்றவற்றுக்கு மாநிலக் காப்பீட்டுத் துறை.

ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது

சுற்றுலா விசாவில் வரும் பெற்றோரை வேலைக் காப்பீட்டில் பொதுவாகச் சேர்க்க முடியாது. இங்கு வசிப்பவர்களாகக் கருதப்படாததால் மார்க்கெட்பிளேஸும் திறக்காது. பார்வையாளர் காப்பீடு வாங்கும்போது, ஒரு நோய்க்கு இத்தனை என்று சேவைவாரியாகச் சிறு தொகை மட்டும் தரும் திட்டங்களைத் தவிர்த்து, மொத்தச் செலவில் பங்கு ஏற்கும் திட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, முன்பே இருந்த நோய் திடீரெனத் தீவிரமானால் மட்டும் தருவதாகச் சொல்லும் பிரிவை வயது வரம்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். வழக்கமான பரிசோதனையும் மருந்தும் அதில் வராது. மூன்று மாதத்துக்கான மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

கிரீன் கார்டில் வந்த 65 வயதைத் தாண்டிய பெற்றோர் மார்க்கெட்பிளேஸில் 60 நாட்களுக்குள் சேரலாம். ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகு மெடிகேரைப் பணம் கட்டி வாங்கலாம். 2026-இல் மருத்துவமனைச் செலவுக்கான ஏ பிரிவுக்கு, அமெரிக்காவில் வேலை செய்த வரலாறே இல்லாதவர் மாதம் 565 டாலரும், மருத்துவர் செலவுக்கான பி பிரிவுக்கு 202.90 டாலரும் கட்ட வேண்டும். தகுதி பெறும் மாதத்தைச் சுற்றியுள்ள ஏழு மாதங்களில் சேராவிட்டால், ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை திறக்கும் பதிவுக் காலம்வரை காத்திருக்க நேரும். பி பிரிவில் தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதல் பிரீமியம், அந்தக் காப்பீடு இருக்கும் காலம் முழுவதும் தொடரும். ஐந்தாண்டு நிறையும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்பே சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரம் குறித்துக்கொள்வது இந்த அபராதத்தைத் தவிர்க்கும்.